திருக்குறுங்குடியும் கொடுத்த வாக்கும்



பாண்டிநாட்டுத் திவ்யதேசங்களுள் திருக்குறுங்குடி மிகுந்த பழமையும் பெருமையும் வாய்ந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில், மஹேந்திரகிரியின் அடிவாரத்தில், நம்பியாற்று நீரால் வளம் பெற்ற இச்சிற்றூரில் எம்பெருமான் நின்றநம்பி, இருந்தநம்பி, கிடந்தநம்பி எனத் திருக்கோயிலுக்குள்ளும், திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என வெளியிலும் எழுந்தருளி ஸேவை ஸாதிக்கின்றான். காரியாரும் உடையநங்கையாரும் மகப்பேறு வேண்டி இந்நம்பியை வணங்கியே நம்மாழ்வாரைப் பெற்றனர் என்பதும், திருமங்கையாழ்வார் இங்கிருந்தே திருநாட்டுக்கு எழுந்தருளினார் என்பதும், எம்பெருமானாரை ஆசார்யனாக வரித்து, நம்பி தானே சீடனாய் நின்று வைஷ்ணவ நம்பி என்னும் பெயர் பெற்றான் என்பதும் அன்பர்கள் அறிந்தவையே. அவற்றை மீண்டும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இங்கு விசாரிக்கப் புகுவது, இத்தலத்தின் கைசிக மஹாத்ம்யத்துள் அமைந்து கிடக்கும் ஒரு தர்மஸங்கடம். உயிரைக் காத்துக்கொள்ளச் சாஸ்திரமே வழிவிட்டிருக்கும்போது, கொடுத்த வாக்கை ஒருவன் காத்தே தீரவேண்டுமா?

வராஹப் பெருமாள் பூமிப்பிராட்டிக்கு உரைத்தருளியதாக வராஹ புராணத்தில் உள்ளது இம்மஹாத்ம்யம். பராசர பட்டர் இதற்கு வியாக்கியானம் அருளியிருக்கிறார். கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசியை ஒட்டித் திருவரங்கத்திலும் குறுங்குடியிலும் பிற திவ்யதேசங்களிலும் இது வாசிக்கப்பெறுகிறது.

மஹேந்திரகிரியின் அடிவாரத்தில் பாணர் குலத்தில் பிறந்த ஒரு பக்தர் வாழ்ந்துவந்தார். நம்பாடுவான் என்பது மரபு அவருக்கு இட்டு வழங்கும் பெயர். இரவின் கடையாமத்தில் வீணையும் கையுமாகத் திருக்கோயில் வாசலுக்கு வந்து, விழித்திருந்து, எம்பெருமானைப் பாடித் திருப்பள்ளியுணர்த்தி மீள்வது அவருடைய விரதம். பல்லாண்டுகள் இவ்வாறு சென்றன. ஒரு கார்த்திகை ஏகாதசி இரவில், பசித்துக் கிடந்த பிரம்மராக்ஷஸன் ஒருவன் வழியில் அவரைப் பற்றிக்கொண்டான். நம்பாடுவான் அஞ்சவில்லை. "இவ்வுடல் உனக்கு இரையாகட்டும், ஆயினும் இன்றைய பாட்டை முடித்துவிட்டு வருகிறேன், விடுவாயாக" என்று வேண்டினார். ராக்ஷஸன் நகைத்தான். தப்பிச் சென்றவன் எவனேனும் தானாக மீண்டு வருவானோ என்றான். அதன்மேல் நம்பாடுவான் பதினெட்டுச் சபதங்கள் செய்கிறார். திரும்பி வாரேனாயின், பந்தியில் உடனிருப்பவர்க்கு இல்லாமல் தான்மட்டும் உண்பவன் பாவம் எய்துவேன், கொடுத்த நிலத்தைத் திரும்பப் பறிப்பவன் பாவம் எய்துவேன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே செல்கிறார். ஸ்ரீமந் நாராயணனோடு பிற தெய்வங்களை ஒப்பாக எண்ணுபவனுடைய பாவத்தை எய்துவேன் என்ற கடைசிச் சபதத்தைக் கேட்ட பின்னரே ராக்ஷஸன் கையை விட்டான்.

நம்பாடுவான் சென்றார், பாடினார், மீண்டும் அதே வழியே புறப்பட்டார். அப்போது அழகிய வடிவுடைய கிழவர் ஒருவர் எதிர்ப்பட்டார். எங்கே விரைந்து போகிறாய் என்று வினவி, நடந்ததைக் கேட்டறிந்து, "உயிருக்கு ஆபத்து நேர்ந்தவிடத்துப் பொய் சொல்வது குற்றமாகாது, வேறு வழியாகப் போய்விடு" என்று உபதேசித்தார். வந்தவர் நம்பியே என்பது நமக்குத் தெரியும், நம்பாடுவானுக்குத் தெரியாது. அவர் வணங்கி மறுத்து, ராக்ஷஸன் இருக்குமிடம் சென்றார்.

கிழவர் கூறியது வெறும் லௌகிக வார்த்தையன்று. உயிர் போகும் நிலை முதலான சில இடங்களில் அஸத்யம் தோஷமாகாது என்று தர்மசாஸ்திரங்கள் விலக்களித்துள்ளன. ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் சுக்ராசார்யர் மஹாபலிக்கு எடுத்துரைப்பதும் இதையே. மஹாபாரதத்தில், கர்ண பர்வத்தில், கண்ணபிரானே அர்ஜுனனுக்கு ஒரு கதை கூறுகிறான். கௌசிகன் என்னும் அந்தணன் எப்போதும் உண்மையே பேசுவேன் என்று விரதம் பூண்டிருந்தான். கள்வர்களுக்கு அஞ்சி ஓடிவந்த சிலர் அருகிலிருந்த காட்டில் ஒளிந்துகொண்டனர். பின்தொடர்ந்து வந்த கள்வர்கள் கேட்க, கௌசிகன் உள்ளதை உள்ளபடி சொன்னான். ஒளிந்தவர் கொல்லப்பட்டனர், கௌசிகன் நரகம் புகுந்தான்.

ஒரு பக்கம் உண்மை சொல்லி நரகம் சென்ற கௌசிகன். மறுபக்கம் உண்மை காத்து உலகம் போற்ற நின்ற நம்பாடுவான். இருவரையும் ஒரே நூற்பரப்பில் வைத்துப் படிப்பவன் எதைக் கொள்வது? ஸத்யம் உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துவோர் இக்கேள்விக்கு விடை சொன்னவராகார். மேடையில் பெரும்பாலும் அவ்வாறே சொல்லி நிறுத்துகிறார்கள்.

கௌசிகன் காத்தது தன் விரதத்தை. அதற்கு விலையாகப் போனவை பிறர் உயிர்கள். தான் உண்மையாளன் என்னும் பெயர் குன்றாதிருக்க, தன்னை நம்பி ஒளிந்தவர்களை அவன் கொடுத்துவிட்டான். நம்பாடுவான் விலையாகக் கொடுக்கத் துணிந்தது தன் உடலை மட்டுமே. தர்மசாஸ்திரத்தின் விலக்கு, உண்மையினால் பிறர் அழியும் இடத்தில் ஏறத்தாழக் கட்டளையாகவே ஆகிறது. தானே அழியும் இடத்தில் அது அனுமதியாக மட்டும் நிற்கிறது. விதி வேறு, அப்யநுஜ்ஞை வேறு. உண்ணலாம் என்பதும் உண்ண வேண்டும் என்பதும் ஒன்றாகுமோ? சாந்தோக்ய உபநிஷத்தில் வரும் உஷஸ்தி என்னும் முனிவர் பஞ்சகாலத்தில் யானைப்பாகன் உண்டு மிஞ்சிய கொள்ளை வாங்கி உண்டு உயிர் தரித்தார். அவன் நீரும் கொடுத்தபோது, அது எச்சில் என்று மறுத்தார். கொள்ளும் எச்சில்தானே என்று அவன் கேட்க, அதை உண்ணாவிடில் உயிர் தரித்திரேன், நீரோ வேண்டியவிடத்துக் கிடைக்கும் என்று விடையளித்தார். ஆபத்துக்காலத்து அனுமதி எந்த அளவில் தொடங்கி எந்த அளவில் முடிகிறது என்பதற்குப் பிரம்மஸூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் நான்காம் பாதத்தில் இந்நிகழ்ச்சியே ஆதாரமாகக் கொள்ளப்பட்டுள்ளது. அனுமதியைப் பயன்படுத்திக்கொண்டதால் உஷஸ்தி தாழ்ந்துவிடவில்லை. நம்பாடுவான் ஓடிப்போயிருந்தாலும் அவரைப் பழிக்கச் சாஸ்திரத்தில் இடமில்லை. இதை மனத்திற் கொண்டால்தான் அவர் திரும்பி வந்ததன் அருமை விளங்கும்.

வன்முறையால் வாங்கிய வாக்குக் கட்டுப்படுத்துமோ என்பர் சிலர். கேட்கத்தக்க கேள்வியே. கத்தியைக் காட்டி எழுதி வாங்கிய பத்திரத்தை எந்த நீதிமன்றமும் ஏற்பதில்லை. ஆயினும் கதையைக் கூர்ந்து நோக்கினால், ராக்ஷஸன் வாக்கு எதையும் கேட்கவே இல்லை என்பது புலப்படும். அவன் கேட்டது உடல். அது அவன் கைக்குள் இருந்தது. வாக்கை முன்வந்து கொடுத்தவர் நம்பாடுவானே. அதைக் கொடுத்து அவர் பெற்றது ஒரு யாமப் பொழுது, ஒரு பாட்டு. பெற்றதை அனுபவித்துவிட்டு, கொடுக்க வேண்டியபோது வன்முறை என்று சொல்வது முறையாகுமோ? பாட்டை முடிக்காமல் வழியிலேயே தப்பியிருந்தால்கூட வாதத்துக்கு ஓரளவு இடமுண்டு.

மஹாபலியின் நிலையோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. பலி தந்த வாக்கை மீறும்படி சொன்னவர் குரு; வாக்கைப் பெற்றுக்கொண்டு நின்றவன் வாமனனாக வந்த எம்பெருமான். நம்பாடுவானிடத்தில் இது தலைகீழாகிறது. வாக்கைப் பெற்றவன் ராக்ஷஸன். மீறச் சொன்னவன் எம்பெருமான். பலி மறுத்தது குருவின் சொல்லை. பாணர் மறுத்தது, அறியாமலேயாயினும், பகவானின் சொல்லை. குறுங்குடி நம்பி அதனால் சீறவில்லை, உகந்தான். இராமாநுசரிடம் சீடனாய்க் கேட்டு நின்ற நம்பி, ஒரு பாணரிடமும் தன் வாதம் தோற்கக் கண்டு மகிழ்ந்ததில் வியப்பில்லை.

இனி, தகுதியற்றவனுக்குத் தந்த வாக்குக்கும் மதிப்புண்டோ என்பது. கன்னட நாட்டில் பசுவும் புலியும் பற்றிய நாட்டுப்பாடல் ஒன்று சிறுவரும் அறிந்தது. கன்றுக்குப் பாலூட்டி மீண்டு வந்த பசுவைக் கண்டு புலி நாணி உயிர்விட்டது என்பது அக்கதை. அங்கே கொடியவன் மனம் மாறியதோடு கதை முடிகிறது. கைசிக மஹாத்ம்யம் அதற்கு மேலும் ஆழமாகச் செல்கிறது. மீண்டு வந்த நம்பாடுவானைக் கண்டதும் ராக்ஷஸனுக்குப் பசி அடங்கிவிட்டது. "உன் உடல் வேண்டாம், பாடிய பாட்டின் பலனைக் கொடு" என்கிறான். நம்பாடுவான் மறுக்கிறார். தருவதாகச் சொன்னது உடல். பாட்டின் பலன் அன்று. பாதியேனும் கொடு என்கிறான். ஒரு பாட்டின் பலனையேனும் கொடு என்று இறங்கி வருகிறான். உயிரைக் கொடுக்க வந்தவர் இதைக் கொடுக்கவில்லை. வாக்கைக் காப்பதென்பது கேட்டதெல்லாம் கொடுப்பதன்று என்பதைப் பேரம் முழுவதும் காட்டுகிறது.

அதன் பின்னரே ராக்ஷஸன் காலில் விழுந்து தன் வரலாற்றைச் சொல்கிறான். முற்பிறவியில் அவன் ஸோமசர்மா என்னும் அந்தணன். பொருளாசையால், மந்திரமும் ஸ்வரமும் பிழைபட யாகம் நடத்தி, இடையில் மாண்டு, இவ்வடிவம் பெற்றான். அவனைக் கெடுத்தது வாக்கின் பிழை. மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே அதை மதியாதவன் அவன். அதனாலன்றோ ஒருவன் வாயால் சொன்னபடி செய்வான் என்று நம்ப அவனால் இயலவில்லை! நம்பாடுவான் திரும்பி வாராது போயிருந்தால், அவன் எண்ணியிருந்தது மெய்யே என்று அவனுக்கு உறுதிப்பட்டிருக்கும். மந்திரங்களைச் சொல்லி ஜீவனம் நடத்துவோர் வாசிப்பில் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். நின்று கேட்க வேண்டியவர்கள் அவர்களே. பேரத்துக்கு இணங்காத நம்பாடுவான், சரணம் என்று விழுந்தவனுக்கு மனமுவந்து கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பலனைத் தந்தார். ஸோமசர்மா சாபம் நீங்கி நற்கதி பெற்றான்.

இவ்வளவும் சொன்ன பின் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம்பாடுவான் பாடியது வாசலில் நின்று. உள்ளே செல்ல அவர் குலத்துக்கு உரிமை இருந்ததில்லை. துவஜஸ்தம்பம் மறைத்து நின்றதால் ஸந்நிதியைக் காண இயலாது பாடிய அவருக்காக, நம்பியின் ஆணையால் கொடிமரம் விலகி நின்றது என்பது தல ஐதிஹ்யம். இன்றும் அங்கே கொடிமரம் நேர்கோட்டினின்று விலகியே நிற்கக் காணலாம். இதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீர் மல்கக் கேட்டவர்கள் நம் முன்னோர். ஆயினும் திருக்கோயில்களின் வாசல் அக்குலத்தவர்க்குத் திறந்தது, சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டிலும் 1947ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்ட பின்னரே. ஆகமத்தையும் ஆசாரத்தையும் காரணமாகக் காட்டினர். நம்பி கொடிமரத்தை விலக்கியபோது எந்த ஆசாரத்தைக் கேட்டுவிட்டு விலக்கினான் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ராக்ஷஸனுக்குத் தந்த வாக்கையே மீறாதவரைக் கொண்டாடும் ஸம்ப்ரதாயம், அடியார்க்குள் பேதம் பாராட்டலாகாது என்று தன் ஆசார்யர்கள் எழுதிவைத்த வாக்கை எவ்வளவு காலம் கிடப்பில் போட்டிருந்தது! கைசிக ஏகாதசி வாசிப்பில் இதையும் ஒரு பாகமாகச் சேர்த்துச் சிந்திப்பதால் புராணத்துக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

அந்த ஏகாதசி இரவில் திருக்குறுங்குடிக் கோயிலில் நடிக்கப்பெற்றுவந்த கைசிக நாடகம் இடையில் நலிவுற்றிருந்தது. 1999ஆம் ஆண்டில் பேராசிரியர் சே. இராமானுஜம் முதலியோரின் முயற்சியால் அது மீண்டும் உருப்பெற்றது. விழித்திருந்து காண வரும் கூட்டத்தின் நடுவே, கிழவர் வேடத்தில் வரும் நம்பி எவ்வளவோ எடுத்துச் சொல்கிறார். நம்பாடுவானாக வருபவர் கைகூப்பி விடைபெற்று, ராக்ஷஸன் காத்திருக்கும் பக்கமாகவே நடந்து செல்கிறார்.