திறக்கப்படாத பெட்டியின் விலை

மனிதன் பொருளை ஆள்கிறானா, பொருள் மனிதனை ஆள்கிறதா என்னும் வினா பழமையானது. பெருஞ்செல்வத்தையும் நிலவுடைமையையும் முன்வைத்தே இவ்வினா பெரும்பாலும் ஆராயப்பட்டு வந்துள்ளது. ஆயினும், மிகச் சிறிய பொருளிலும் அது தன் முழு உருவத்தைக் காட்டவல்லது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் காரை முன்வைத்து அதனை இங்கு ஆராய முற்படுகிறோம். விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை விசாரம் வேண்டுமா என்று வாசகர் சிலர் கருதக்கூடும். வாழ்வின் பெரிய அலுவல்களில் மறைந்து கிடக்கும் உண்மைகள் விளையாட்டில் மறைவின்றி வெளிப்படுகின்றன என்பதே நமது விடை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மேலைநாடுகளில் பிளாஸ்டிக் மலிந்தது. பொலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, உருக்கு அச்சினுள் பேரழுத்தத்தோடு செலுத்தினால், நுண்ணிய உறுப்புகள் ஒரு சட்டகத்தில் காய்கள் போலத் தொங்கியபடி வெளிவரும். இயந்திரம், இருக்கை, சில்லு, கதவு என உறுப்புறுப்பாக அவற்றைப் பெட்டியில் இட்டு, பொருத்தும் முறையை விளக்கும் தாளொன்றையும் வைத்து விற்றனர். அமெரிக்காவில் ரெவெல் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் பழங்காலக் கார்களின் மொடல்களை இவ்வாறு வெளியிட்டது. 1958 இல் ஏ.எம்.டி. நிறுவனம், ஒரே பெட்டியிலுள்ள உறுப்புகளைக் கொண்டு காரை மூன்று விதமாக அமைக்க இடந்தரும் தொகுதிகளைக் கொண்டுவந்தது. மெய்யான காரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவே அவற்றின் அளவு. இங்கிலாந்தில் ஏர்பிக்ஸ் நிறுவனம் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் கார்களைச் செய்தது. 1948 இல் அறிமுகமாகி, கண்டி வீதிகளில் இன்றும் இடைக்கிடை மூச்சிரைத்து ஏற்றம் ஏறும் மொறிஸ் மைனரும் அவற்றுள் ஒன்று. சிறுவனின் கைச்செலவுக் காசுக்குள் அடங்கிய பொருள்கள் இவை.

அன்று சிறுவர் வாங்கிய அப்பெட்டிகளை இன்று முதியோர் தேடுகின்றனர். உலகெங்கும் இவற்றைச் சேகரிப்போரும் கட்டிமுடிப்போரும் உளர். கண்டிச் சூழலில் நாம் அறிந்த வரையில், இதனை விடாது பயில்வோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்கள் செய்யும் வேலையை அருகிலிருந்து பார்ப்பவர்க்கு, அது பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குள் அடங்காது என்பது விளங்கும். உறுப்பைச் சட்டகத்திலிருந்து கூரிய கத்தியால் அறுத்தெடுத்து, அச்சின் பொருத்துவாயில் எழுந்த மெல்லிய வரம்பை அரத்தாளால் தேய்த்து நீக்கவேண்டும். இதற்குரிய பசை சாதாரணப் பசையன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாகவே இணைத்துவிடும். ஆதலால் ஒரு துளி மிகுந்தாலும் கண்ணாடி மங்கும்; தவறி ஒட்டியதைப் பிரித்தெடுத்தல் அரிது. அடிப்பூச்சுப் பூசி, அதன்மேல் வர்ணத்தை மெல்லிய படலங்களாகப் பலமுறை பூசி, ஒவ்வொன்றும் உலரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். மழைக்கால ஈரம் நிறைந்த மலைநாட்டில் அவசரப்பட்டுப் பூசினால் வர்ணம் வெண்மை பூத்துப் பொலிவிழக்கும். வானம் வெளுக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் பொறுமையும் இத்தொழிலின் ஒரு பகுதி. என்றோ ஒரு சிறுவன் பசையை அள்ளி அப்பிக் கெடுத்த பழைய மொடலை வாங்கி, அதன் வர்ணத்தை பிரேக் ஒயிலில் ஊறவைத்து அகற்றி, மீண்டும் புதுக்குவோரும் உளர்.

கண்டி நாட்டின் கம்மியரையும் ஓவியரையும் தேடிச்சென்று ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908 இல் வெளியிட்ட நூலில், சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை விரித்துரைத்துள்ளார். கண் எழுதப்படும்வரை சிலை வெறும் கல்லும் மண்ணுமே. கைவினையின் இறுதித் தொடுகையிலேயே பொருள் தன் நிறைவை எய்துகிறது என்னும் உண்மை அச்சடங்கில் உண்டு. அந்த அளவுகோலை ஏற்றால், பெட்டிக்குள் கிடக்கும் உறுப்புகள் இன்னும் கார் ஆகவில்லை. மனிதக் கை தொட்ட பின்னரே அவை காராகின்றன.

ஆனால், சந்தையின் அளவுகோல் இதற்கு நேர்மாறானது. பழைய மொடல் கார்ப் பெட்டிகளின் வாணிபத்தில், பொதுவாக, ஒருபோதும் திறக்கப்படாத பெட்டிக்கே உச்ச விலை. திறந்த பெட்டிக்கு விலை குறைவு. கட்டத் தொடங்கியதற்கு மேலும் குறைவு. பல இரவுகள் கண்விழித்து ஒருவர் கட்டிமுடித்த கார், திறவாத பெட்டியின் விலையைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. உழைப்புப் பொருளுக்கு மதிப்பைச் சேர்க்கிறது என்று நாம் படித்திருக்கிறோம். இங்கோ உழைப்பு பட்டவுடன் விலை சரிகிறது. மனிதக் கை தீட்டுப்போல் விலக்கப்படுகிறது.

கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதற்பாகம் 1867 இல் வெளிவந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததும், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும் அதே ஆண்டிலேயாம். பண்டத்தின் பயன் மதிப்பு வேறு, பரிவர்த்தனை மதிப்பு வேறு என்பதை அந்நூல் முதற்பக்கங்களிலேயே விளக்குகிறது. தேயிலைக்கேனும் இறுதியில் யாரோ ஒருவர் அருந்தும் பயன் உண்டு. திறக்கப்படாத பெட்டியிலோ பயன் மதிப்பு அறவே ஒதுக்கப்பட்டுப் பரிவர்த்தனை மதிப்பு மட்டுமே எஞ்சுகிறது. பயன்படுத்தாமையே அதன் பெறுமதி என்னும் தலைகீழ் நிலை இது.

இந்நிலையின் அறப்பொருள் மற்றொரு நிகழ்வில் மேலும் தெளிவாகும். பழைய உருக்கு அச்சுகள் பல அழியாமல் உள்ளன. அமெரிக்காவின் ரவுண்ட் 2 நிறுவனம் 2008 முதல் ஏ.எம்.டி. முதலிய பெயர்களில் பழைய தொகுதிகளை மறுபடியும் வெளியிட்டு வருகிறது. கிடைத்தற்கரிய ஒரு கார் இவ்வாறு மீண்டும் வெளிவரும்போது, கட்டுவோன் மகிழ்கிறான். விலைக்காகச் சேர்த்தோன் கலங்குகிறான். ஏன்? பிறரிடம் இல்லை என்பதே அவனது உடைமையின் சாரமாயிருந்தது. பிறர்க்கும் கிடைத்தவுடன் தேயும் இன்பம் எத்தகைய இன்பம்? கட்டும் கலையில் தேர்ந்த ஒருவன் அதனைப் பத்துப் பேருக்குக் கற்பித்தால் அவனிடமுள்ள கலை குறைவதில்லை. பத்துக் கைகளின் அனுபவத்தால் வளரவே செய்கிறது. ஒருவனது இன்பம் பிறருடைய இன்மையை வேண்டி நிற்கிறதா, பிறருடைய இன்பத்தால் பெருகுகிறதா என்பதே இவ்விடயத்தில் நாம் கைக்கொள்ளத்தக்க உரைகல்.

பயன்படுத்தாது காத்தால் பொருள் அழியாது என்னும் நம்பிக்கையும் முழு உண்மையன்று. பழைய பெட்டிகளில் உள்ள டயர்கள் பெரும்பாலும் மென்மையான வினைல் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த இரசாயனம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பொலிஸ்டைரீனைக் கரைக்கும். மூடிய பெட்டிக்குள்ளேயே டயர் காரின் உடலில் தழும்பிடும். முகப்புக் கண்ணாடியில் தன் வரிகளைப் பதிக்கும். நீரில் ஊறவைத்து ஒட்டும் படங்கள் மஞ்சள் பாரிக்கும். முத்திரை உடையாத உறையைப் பார்த்து உடையவன் பெருமிதம் கொள்ளும்போதே, உள்ளே பொருள் தன்னைத் தானே தின்றுகொண்டிருக்கலாம். திறந்து பிரித்து வைத்திருந்தால் காத்திருக்கலாம். ஆனால் திறந்தால் விலை போய்விடும். விலையைக் காப்பதற்காகப் பொருளை இழக்கும் இந்த அவலத்தைக் கண்டால், வள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என்றொரு தனி அதிகாரமே வகுத்ததன் காரணம் நன்கு விளங்கும்.

அங்ஙனமாயின் எதனையும் பேணிவைத்தல் தவறோ என வினவலாம். அன்று. கடுகண்ணாவை ரயில் நூதனசாலையில் பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. ஹந்தானையில் 1925 இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று நூதனசாலையாய் நிற்கிறது. அவை ஓடுவதில்லை, இலை அரைப்பதில்லை. எனினும் வருவோர் அனைவர்க்கும் அறிவூட்டுகின்றன. பார்க்கப்படுதலும் கற்பிக்கப்படுதலும் அவற்றின் பயன். மீண்டும் வார்க்க இயலாதவாறு அச்சழிந்த ஒரு மொடலைக் கட்டாது பேணி, பிறர் பார்க்கவும் அளந்து படி எடுக்கவும் கொடுப்பவர் உண்டாயின், அவர் செய்வது நூதனசாலையின் பணியே. பலருக்காகக் காத்தல் வேறு. பலரிடமிருந்து காத்தல் வேறு.

நம் இலக்கியத்திலும் விளையாட்டு வண்டிக்கு நெடிய வரலாறு உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவம். அதற்கு நெடுங்காலம் முன்னரே பட்டினப்பாலை ஒரு காட்சியைத் தீட்டிவிட்டது. முற்றத்தில் உலரும் உணவைக் கவரவந்த கோழியை விரட்ட ஒருத்தி தன் பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். கீழே விழுந்த அந்தப் பொன், சிறுவர் உருட்டிவரும் மூன்று கால் சிறுதேரின் வழியை மறிக்கிறது. நகரின் வளத்தைப் புகழவே புலவர் அதனைப் பாடினார். நமக்கோ, பொன் வந்து விளையாட்டின் வழியை மறித்தது என்னும் செய்தியே அதில் முனைப்பாகத் தெரிகிறது. 'மண்ணியல் சிறுதேர்' என்று பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் தமிழாக்கிய வடமொழி நாடகத்தில், அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்ட வறியவன் மகன், தன் மண் தேரை வெறுத்து அழுகிறான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண் தேரை நிரப்புகிறாள். அந்த அணிகலன்களே பின்னர் சிறுவனின் தந்தையைக் கொலைக்களம் வரை இழுத்துச் செல்லும் சான்றாகின்றன. விளையாட்டுப் பொருளில் விலை குடிபுகும்போது நேரும் கேட்டினை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன்களிலும் கார்கள் செய்யப்படுகின்றன. டின் மீன் தகரமே உடல். தேய்ந்த பாட்டாச் செருப்பை வட்டமாக வெட்டினால் சில்லு. குடைக் கம்பி அச்சு. சோடா மூடி முன்விளக்கு. இழுப்பதற்கு ஒரு முழக் கயிறு. செய்முறைத் தாள் இல்லை. அளவுப் படம் இல்லை. எதனை எதனோடு பொருத்துவது என்பதைச் சிறுவனே கண்டுபிடிக்கிறான். பெட்டியிலுள்ள உறுப்புகளைப் பொருத்துபவன் பிறர் எண்ணியதை நிறைவு செய்கிறான். இவனோ எண்ணுவதும் செய்வதும் தானேயாகிறான். ஆக்கம் என்ற சொல்லுக்கு இவனே கூடிய உரிமையுடையவன்.

எனினும், இவ்விடத்தில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். தகரக் காரைப் புகழும் வேகத்தில் தகரத்தையே தந்த வறுமையைப் புகழ்ந்துவிடுதல் எளிது. அச்சிறுவன் செருப்பை வெட்டியது வேறொன்றும் கிடையாத காரணத்தால். வர்ணப் பெட்டியொன்றை அவன் கையில் கொடுத்தால் வேண்டாமென்று சொல்லமாட்டான். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என 2021 இல் நிர்ணயமாவதற்குப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அயல்நாட்டுச் சந்தையில் ஒரு பழைய பெட்டி நூறு டொலருக்கு விலைபோவது புதுமையன்று. அவ்வாண்டின் நாணய மாற்றுப்படி அது ஏறத்தாழ இருபது நாட் சம்பளம். விளையாடும் முதியவரை இதற்காக நாம் பழிக்கவில்லை. கையால் ஒன்றைச் செய்து முடிக்கும் இன்பம் மனிதனுக்கு உரியது. உழைத்துக் களைத்தவனுக்கும் உரியது. அது சிலருக்கே வாய்க்கும் சலுகையாய் இருப்பதுதான் குற்றம். முற்போக்காளர் விளையாட்டை இகழ்தல் ஆகாது. அதனை எல்லோர்க்கும் கேட்டல் வேண்டும்.

திறவாத பெட்டியின் நியாயம் மொடல் கார்களோடு நின்றுவிடவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்படும்வரை, மெய்யான கார்களே நம் நாட்டில் ஏறும் விலைக்காக வைத்திருக்கும் சொத்தாயின. ஏறிச் செல்வதற்கான பொருள் ஏற்றிவைத்துப் பார்க்கும் பொருளாயிற்று. இதனினும் கவலைக்குரிய பெட்டிகள் நம் பாடசாலைகளில் உள்ளன. நாம் பணிசெய்த ஒரு பாடசாலையில், நன்கொடையாய் வந்த நுணுக்குக்காட்டிகள் உடைந்துவிடும் என்ற அச்சத்தால் அலுமாரியில் பூட்டப்பட்டுக் கிடந்தன. ஆண்டுதோறும் கணக்கெடுப்பில் அவை பழுதின்றி உள்ளன என்று பதிவாயிற்று. பதிவேட்டில் அவை பழுதற்றவை. பூட்டிய கண்ணாடி வில்லையில் பூஞ்சணம் படர்ந்ததைப் பதிவதற்கு அப்பதிவேட்டில் நிரலில்லை. அவற்றினூடே ஒரு வெங்காயத் தோலையேனும் பார்க்காமல் மாணவர் பலர் பாடசாலையை விட்டு வெளியேறினர். டயர் தின்ற காருக்கும் பூஞ்சணம் தின்ற வில்லைக்கும் உள்ள உறவை வாசகர் உய்த்துணர்வர்.

மாணவன் தொட்டால் உடையலாம். உடைந்தால் திருத்தக் கற்பான். திருத்தக் கற்றவன் செய்யவும் கற்பான். பசை மிகுந்து மங்கிய கண்ணாடியோடு கோணலாய் நிற்கும் ஒரு சிறுவனின் முதற் கார், சந்தையில் எவ்விலையும் பெறாது. அடுத்த காரின் கண்ணாடி மங்காதிருப்பதற்கு அதுவே காரணம். இந்தப் பெறுமதியை எழுத எந்த விலைப்பட்டியலிலும் இடமில்லை என்பதற்காக, அது இல்லை என்றாகிவிடாது. பொருள்கள் மனிதக் கைக்காக உண்டானவை. கையைப் பொருளிடமிருந்து விலக்கிவைக்கும் எந்த ஏற்பாடும், அது சந்தையாயினும் பாடசாலையாயினும், மனிதனைச் சிறுமைப்படுத்துவதேயாகும். பூட்டிய பெட்டிகள் திறக்கப்படல் வேண்டும். அவற்றைத் திறக்கும் கைகளுள் லயன் சிறுவனின் கையும் இருத்தல் வேண்டும்.