விளக்கு வைத்த பின்: குழந்தைகளும் வேதாகம வாசிப்பும்

வேதாகமத்தை நாள்தோறும் வாசிக்கும் பழக்கத்தைக் குழந்தைகளிடம் வீட்டிலேயே உருவாக்குவது எப்படி என்ற கேள்வி, நேரத்தையும் அட்டவணையையும் பற்றிய நடைமுறைக் கேள்வியாகத் தோன்றினாலும், அதன் அடியில் பழமையான ஒரு தத்துவச் சிக்கல் கிடக்கிறது. விசுவாசம் என்பது ஒருவர் கடவுள்மீது மனமுவந்து வைக்கும் நம்பிக்கை. பழக்கம் என்பதோ, பலமுறை செய்து செய்து, எண்ணிப் பாராமலே நிகழும் அளவுக்கு உடலிலும் மனத்திலும் படிந்துவிட்ட செயல். மனமுவந்து வரவேண்டிய ஒன்றை எண்ணாமல் நிகழும் ஒன்றின் வழியாக ஊட்ட முடியுமா என்று கேட்கும்போது பெற்றோர் இரண்டு பக்கமாகப் பிரிகின்றனர். ஒரு சாரார், வாசிக்காத பிள்ளைக்கு இரவு உணவு இல்லை என்னும் அளவுக்குக் கண்டிப்பை நம்புகின்றனர். மறு சாரார், வளர்ந்தபின் பிள்ளை தானே தேர்ந்துகொள்ளட்டும் என்று புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிடுகின்றனர். இரு சாராரும் பழக்கத்தைக் குழந்தையின் தனிச் சொத்தாகக் கருதுகின்றனர் என்பதே பிழையின் வேர். வாசிப்பு முதலில் வீட்டின் பழக்கமாக இருந்து, அந்த வீட்டில் வளர்வதாலேயே குழந்தையின் பழக்கமாகிறது.

இந்தச் சிக்கலுக்குத் தாய்மொழியே நல்ல விளக்கம் தருகிறது. எந்தக் குழந்தையிடமும் சம்மதம் கேட்டுத் தமிழ் கற்பிக்கப்படுவதில்லை. ஆயினும், பிற்காலத்தில் பெற்றோரை மறுத்துப் பேசுவதற்கும் அதே தமிழ்தான் அக்குழந்தைக்குக் கருவியாகிறது. மொழித்திறனை நாவின் பழக்கமாகவே தமிழ் மரபு கண்டது. யாழ் மீட்டி மீட்டியே ஒருவர் யாழிசைஞர் ஆவதுபோல நற்பண்பும் பழகுவதால் வருகிறது என்று அரிஸ்டாட்டிலும் தம் அறவியல் நூலில் வாதிட்டார். சிறு வயதில் கேட்ட வேத வசனமும் இவ்வகையைச் சேர்ந்தது. அது குழந்தையின் முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுவதில்லை. பின்னாளில் ஏற்பதற்கோ மறுப்பதற்கோ வேண்டிய சொற்களை அதற்குத் தருகிறது. ஒன்றும் கேளாமல் வளர்ந்த பிள்ளையிடம் நீயே தேர்ந்துகொள் என்பது, எதைத் தேர்வதென்று அறியாதவரிடம் தேர்வை ஒப்படைப்பதாகவே முடியும்.

ஆனால் எழுத்து வீட்டில் இருந்தால் மட்டும் போதாது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவும் இன்றி, விசித்திரசித்தன் என்னும் விருதுப்பெயர் கொண்ட தான் பிரமன், ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் இதை அமைத்ததாக அவன் அங்கே வடமொழியில் பொறித்து வைத்தான். கல்வெட்டு அழியவில்லை, ஆனால் அது எழுதப்பட்ட பல்லவ கிரந்த எழுத்தை அறிந்தவர்கள் மறைந்தபின், ஆய்வாளர்கள் வந்து வாசிக்கும்வரை, அவ்வழியே ஆடு மேய்த்துச் சென்றவர்களுக்கு அது பாறைமேல் விழுந்த கீறல்களாகவே இருந்திருக்கும். எழுத்து நிலைத்திருப்பதும் எழுத்து வாசிக்கப்படுவதும் வெவ்வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் அந்த வட்டாரத்தில் வேறில்லை. அந்தக் கல்வெட்டைப் போலவே, திருமணத்தன்று பரிசாக வந்த தோல் அட்டை வேதாகமம், பொன்விளிம்பு மங்காமல் கண்ணாடி அலமாரியில் இருபது ஆண்டுகள் இருக்கும் வீடுகளும் உண்டு.

வேதாகமமே இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது. உபாகமத்தின் ஆறாம் அதிகாரம், கடவுளின் வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரங்களாக வீட்டில் உட்கார்ந்திருப்பதையும் வழியில் நடப்பதையும் படுப்பதையும் எழுவதையும் குறிக்கிறது. இவற்றில் எதுவும் தனியாக ஒதுக்கிய வகுப்பு நேரமன்று, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் அன்றாட வாழ்வே. யாத்திராகமத்தில் பஸ்கா விருந்து, அதாவது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் இரவு உணவு, பிள்ளைகள் அதன் பொருளைக் கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்போடேயே நிறுவப்படுகிறது. இன்றுவரை யூதக் குடும்பங்களில் அந்த இரவின் கேள்விகளைப் பெரும்பாலும் வயதில் இளையவரே கேட்கிறார். புதிய ஏற்பாட்டிலோ, தீமோத்தேயுவின் விசுவாசத்துக்கு முன்னோடிகளாகப் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றனர். தந்தை கிரேக்கர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. வீட்டின் வாசிப்பைப் பெண்களே தாங்கி நின்றதற்கு இது பழைய சான்று. தமிழகக் கிறித்தவ வீடுகளிலும் நிலைமை பெரிதும் இதுவே.

176 வசனங்கள் கொண்ட 119ஆம் சங்கீதமும் இங்கே நினைக்கத்தக்கது. எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கும், எழுத்துக்கு எட்டு வசனங்களாக, அது அகரவரிசையில் அமைக்கப்பட்டது. தமிழ் வேதாகமத்திலும் பகுதிகளின் தலைப்பில் ஆலெப், பேத் என்று அவ்வெழுத்துகளின் பெயர்கள் அச்சாகின்றன. ஆத்திசூடி படித்த தமிழ்க் குழந்தைக்கு இந்த உத்தி புதிதன்று. எழுத்தின் வரிசை நினைவுக்குக் கைப்பிடியாகிறது. நினைவில் ஏறியது பொருளுக்காகக் காத்திருக்கிறது. மனப்பாடத்தைப் பழிப்பது இன்று வழக்கமாகிவிட்டபோதிலும், ஏழு வயதில் பொருள் புரியாமல் கற்ற ஒரு சங்கீதம் நாற்பது வயதில் மருத்துவமனை வராந்தாவில் திடீரென்று பொருள்படும் என்பதைப் பல குடும்பங்கள் அறியும்.

தமிழில் வேதாகமம் வந்த கதையே குழந்தைகளோடு தொடங்குகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி பார்த்தொலொமேயு சீகன்பால்கு, தமிழாசிரியர் ஒருவரைத் தம் திண்ணைப் பள்ளியோடு தம் இருப்பிடத்துக்கே வரச்செய்து, மாணவச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். சிறுவர்களின் குரலில் கேட்டு அறிந்த அந்த மொழியில் அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714–15இல் தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. அவர் தமிழாக்கிய மற்றொரு நூலான மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசம், அதாவது கேள்வியும் பதிலுமாகக் கிறித்தவ போதனையைச் சுருக்கித் தரும் கையேடு, 1529இல் வெளியானபோதே குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்கவேண்டிய முறையில் எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் அதன் பொருள் என்ன என்ற கேள்வி வருகிறது. வாசித்து முடிக்கும் இடத்தில் கேள்வி தொடங்கவேண்டும் என்ற அந்த அமைப்பை, பதில்களை ஒப்பிப்பதோடு நிறுத்திக்கொண்ட பிற்காலத்தவர் பெரும்பாலும் இழந்துவிட்டனர்.

திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் புராட்டஸ்டண்ட் சபைகளை வளர்த்தது, அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் அமைத்த ஆற்காடு மிஷன். அதன் கிராமச் சபைகளில் சேர்ந்தவர்களில் மிகப் பலர், எழுத்தறிவு தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட உழைக்கும் மக்கள். அத்தகைய வீடுகளில் பள்ளிக்குச் சென்றுவந்த பிள்ளையே வீட்டின் முதல் வாசகர். மணிலாக் கடலை பிடுங்கிவிட்டு வந்து களைத்திருக்கும் பெற்றோருக்கு, விளக்கு வைத்த பின், அப்பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்துக்காட்ட வேண்டியிருந்தது. இன்றைய பெற்றோர் கவனிக்கவேண்டிய செய்தி இங்கே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வாசிப்பு கண்காணிக்கப்படும் கடமையாக இருக்கவில்லை. வீட்டுக்குத் தன்னால் மட்டுமே செய்ய முடிந்த உதவியாக இருந்தது. பெற்றோர் படித்துவிட்ட இக்காலத்தில் அந்தத் தேவை இயல்பாக எழுவதில்லை என்றாலும், கண் மங்கிய பாட்டிக்கு அன்றைய பகுதியை வாசிப்பது பேத்தியின் பொறுப்பு என்று ஒரு வீடு வைத்துக்கொண்டால், அதே உறவு மீண்டும் உண்டாகும். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு வாசிப்பதும் அவ்வாறே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தி, தேர்ந்த மாணவரைக் கொண்டே மற்றவருக்குக் கற்பிக்கவைத்தார். சென்னை முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துக்கும் பரவியது.

வாசிப்புக்கு ஒரு தடை மொழி. ஹென்றி பவர் முதன்மையாகத் திருத்தி 1871இல் வெளிவந்த வேதாகமமே இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் வாசிக்கப்படுகிறது. அதன் ஓசைநயத்துக்கு இணையில்லை. ஆனால் நியாயப்பிரமாணம், ஆயக்காரன், உக்கிராணக்காரன் போன்ற சொற்களைப் பத்து வயதுப் பிள்ளை வேறெங்கும் கேட்பதில்லை. கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம், திருச்சட்டம், வரிதண்டுபவர், விண்ணரசு என்று இக்காலத் தமிழில் பேசுகிறது. ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்வதைவிட, பழைய பெயர்ப்பை வாய்விட்டு வாசித்துப் புதியதைக் கொண்டு பொருள் காண்பதே குழந்தைக்கு இரட்டை வளம் சேர்க்கும். மாலையில் செபமாலை சொல்லும் வழக்கம் வேரூன்றிய கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் புதிய நேரம்கூடத் தேவையில்லை. இறைமக்கள் அனைவருக்கும் மறைநூல் எளிதில் எட்டவேண்டும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வலியுறுத்தியதை நினைத்து, செபமாலை முடிந்ததும் அன்றைய திருப்பலிக்குரிய நற்செய்திப் பகுதியை ஒரு பிள்ளை வாசித்தால் போதும்.

பழக்கத்தைப் பற்றிய அறிவியல் ஆய்வுகளும் ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு புதியதை முடிச்சுப்போடுவதையே பரிந்துரைக்கின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், எளிய செயலொன்று தானாக நிகழும் நிலையை எட்ட ஏறத்தாழ 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை. ஆய்வில் பங்கேற்றவர்கள் வயதுவந்தவர்கள் என்பதால் எண்ணிக்கையை அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்த முடியாது. எனினும், தவறிய ஒருநாளுக்காகப் பிள்ளையைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை என்ற ஆறுதல் பெற்றோருக்குக் கிடைக்கிறது. ஆண்டுக்குள் முழு வேதாகமத்தையும் முடிக்கும் திட்டத்தைச் சிறுவர்மேல் சுமத்துவதும் தவறு. 1189 அதிகாரங்களை ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்று அதிகாரங்களுக்கு மேல் வாசிக்கவேண்டும். லேவியராகமத்தின் பலிமுறைகளை எட்டும்போது, பிப்ரவரியிலேயே, பெரியவர்களும் தளர்ந்துபோகின்றனர். பதினாறே அதிகாரங்கள் கொண்ட மாற்கு சுவிசேஷத்தை நாளுக்கு ஒரு நிகழ்ச்சியாக, கதை எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தி வாசிப்பது பிள்ளையின் மூச்சுக்கு ஏற்ற அளவு.

பரிசு பற்றியும் ஒரு சொல் வேண்டும். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டிக்குத் தட்டும் டம்ளரும் பரிசாகக் கிடைப்பது மகிழ்ச்சியான வழக்கம். ஊரே கூடிக் கைதட்டும்போது அது விழாவாகிறது. வீட்டில் நாள்தோறும் வாசிப்புக்குக் கூலி கொடுப்பது வேறு; கூலி நின்ற நாளில் வேலையும் நிற்கும். அதைவிடக் கேடானது, தண்டனையாக வேதாகமம் வாசிக்கவைப்பது. பொய் சொன்ன பிள்ளையை நீதிமொழிகளில் இரண்டு அதிகாரம் எழுதச்சொல்லும் பெற்றோர், அந்தப் புத்தகத்தைக் காணும்போதெல்லாம் அவமானத்தை நினைக்கும்படி அப்பிள்ளையைப் பழக்குகின்றனர்.

கேள்விகளை வரவேற்பதே எல்லாவற்றிலும் கடினமான பகுதி. நோவாவின் பேழைக்கு வெளியே இருந்த குழந்தைகள் என்ன ஆனார்கள், ஈசாக்கைப் பலியிடப் போன ஆபிரகாம் நல்ல அப்பாவா என்று கேட்கும் பிள்ளை, உண்மையில் கவனித்து வாசித்த பிள்ளை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ சேர்ந்து கேட்கலாம் என்று அழைத்துச் செல்லும் பெற்றோரிடம் அப்பிள்ளை மீண்டும் கேள்வி கொண்டுவரும். அதட்டப்பட்ட பிள்ளை வாசிப்பை நிறுத்தாவிட்டாலும் கேட்பதை நிறுத்திவிடும்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் விலகி உட்காருகின்றனர். தேர்வு இருக்கிறது, தூக்கம் வருகிறது என்கின்றனர். முன் சொன்ன தத்துவக் கேள்வி ஏட்டை விட்டு வீட்டுக்குள் வருவது அப்போதுதான். அந்த வயதில் இழுத்து உட்காரவைப்பது பயன் தராது; பிள்ளை வரவில்லை என்பதற்காக வீட்டு வாசிப்பை நிறுத்தினால், அது பிள்ளைக்காக மட்டும் நடந்த ஏற்பாடு என்று பெற்றோரே ஒப்புக்கொண்டதாகிவிடும். இருப்பவர்கள் வழக்கம்போல் விளக்கு வைத்த பின் கூடத்தில் உட்கார்ந்து, பக்கத்து அறைக்குக் கேட்கும் அளவுக்கு வாய்விட்டு வாசித்து, கதவைச் சாத்தாமல் வைத்திருக்கலாம்.