சோற்றைக் குறைத்தல்: சில கேள்விகள்

சாப்பிடாமல் இருப்பதை ஒழுக்கம் என்று முதலில் சொன்னவன் நிச்சயம் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பான். வயிறு காய்ந்தவன் வாயிலிருந்து அப்படியொரு வாக்கியம் வர வழியில்லை. எம்.ஏ. தமிழ் படிக்கிறபோதே எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு. ஔவை பேரில் வழங்கும் கொன்றைவேந்தன், உணவைச் சுருக்கிக்கொள்வதுதான் பெண்ணுக்கு அழகு என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மணிமேகலையில் தீராப்பசி காயசண்டிகை என்ற பெண்ணின் மேல் சாபமாக இறங்குகிறது. ஒரு முனிவனின் நாவல்கனியைக் காலால் சிதைத்த குற்றத்துக்குப் பன்னிரண்டு வருடம் யானைத்தீ! குறைச்சுத் தின்னா அழகு, நிறையத் தின்னா சாபம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பொம்பள நிம்மதியா உக்காந்து ஒரு வாய் சோறு திங்க இந்த இலக்கியத்துல இடம் இருக்கா? எங்க பாட்டியை நினைத்துக்கொள்வேன். கரிசக்காட்டில் பருத்தி எடுத்து, மிளகாய் பறித்துக் கிடந்த அவளுக்குச் சுருக்கிக்கொள்வதற்கு எதுவுமே இருந்ததில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், எட்டு மாதமாக நானே சோற்றைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். வயசு முப்பத்தாறு. 79 கிலோ இருந்தேன், இன்று 71. மூணு மாசச் சர்க்கரை 6.2 என்று வந்தது. நோயின் வாசல்படி என்றார் டாக்டர். எங்கப்பா இதே சர்க்கரையில் முதலில் கால்விரலைக் கொடுத்தார், பிறகு பாதத்தைக் கொடுத்தார், ஐம்பத்து நாலு வயதில் போய்ச் சேர்ந்தார். ஆகவே குறைக்க வேண்டும் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. குறைப்பதற்கு நம் சமூகம் கொடுத்து வைத்திருக்கிற அர்த்தங்களோடுதான் தகராறு.

டாக்டர் ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார். அதில் ஓட்ஸ் இருந்தது, ஆலிவ் எண்ணெய் இருந்தது, புரோக்கோலி இருந்தது. ஓட்டப்பிடாரம் சந்தையில் புரோக்கோலி கேட்டால் ஏதோ பூச்சிமருந்து கேட்கிறாள் என்று உரக்கடைக்குக் கைகாட்டுவார்கள். ‘சோறு ஏன் இவ்வளவு திங்கிறீங்க?’ என்று கேட்டதுதான் பெரிய வேடிக்கை. சோறுதான் கிடைக்கிறது, அதனால் சோறு தின்கிறோம். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது. பருப்பு கார்டுக்கு ஒரு கிலோ. முட்டை, பயறு, காய்கறி எல்லாம் கைக்காசு. ‘இலவச அரிசி தின்னு கொழுத்துட்டாங்க, சர்க்கரை வந்துட்டு’ என்று டவுன் பஸ்ஸில் பேசுகிற ஆட்களைக் கேட்டிருக்கிறேன். பசித்த வயிற்றுக்கு அரிசி போட்டது குற்றமாம்! அரிசியோடு நிறுத்திக்கொண்டதைப் பற்றி இவர்கள் பேச மாட்டார்கள்.

கொழுப்பு எங்கள் நாக்கிலிருந்து மட்டும் வந்ததாக நினைக்கிறவர்களுக்கு இரண்டு செய்திகள். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யட்கினுடன் தன்னை ஒப்பிட்டு 2004இல் லான்செட் இதழில் ஒரு குறிப்பு எழுதினார். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. மெலிந்து தெரிகிற நம் உடம்பு உள்ளுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இன்னொன்று, 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் சோதித்தபோது, அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளத் திணறியது தெரியவந்தது. ஒரே ஒரு பஞ்சக் குளிர்காலத்துக்கே அப்படியென்றால், தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றோடு பிள்ளை சுமந்த எங்கள் பாட்டிமார்களின் கணக்கு என்ன? கருவிலேயே பட்டினியைப் படித்துக்கொண்ட உடம்புக்குச் சோறு கிடைத்ததும் பத்திரப்படுத்தத் தோன்றுகிறது. பயந்த உடம்பு அது. அதைப் பார்த்து ‘உனக்குக் கட்டுப்பாடு இல்லை’ என்கிறார்கள்.

எங்க தெருவில் இளைப்பது நல்ல செய்தி இல்லை. நாலு கிலோ குறைந்தவுடனேயே அம்மா கையைப் பிடித்துப் பார்த்து, ‘ஏட்டி, என்ன இப்பிடி வத்திப் போயிட்ட? மாப்பிள்ளை ஏதும் சொன்னாரா?’ என்றாள். தண்ணிக்குழாயில் ரெண்டு அக்காமார், காசநோயோ என்று என் காதுபடவே பேசினார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. ‘தளதளன்னு இருக்கா’ என்றால் எங்க பேச்சில் அவளை யாரும் பட்டினி போட முடியாது என்று பொருள். 1995 ஆகஸ்ட் 31 அன்று எங்கள் வட்டாரத்துக் கொடியங்குளத்துக்குள் போலீஸ் படை புகுந்தபோது எனக்கு ஆறு வயசு. வளைகுடா நாட்டுச் சம்பாத்தியத்தில் நிமிர்ந்திருந்த ஊர் அது. டிவியை உடைத்தார்கள், பாத்திரங்களை நசுக்கினார்கள், தானியத்தைக் கொட்டிப் பாழாக்கினார்கள், குடிதண்ணீர்க் கிணற்றைக் கெடுத்தார்கள். ஆளை அடித்தால் போதாதா, தானியம் என்ன செய்தது? இந்தச் சனங்கள் வயிறாரத் தின்று தெளிந்த முகத்தோடு நடமாடியதுதான் பொறுக்கவில்லை என்பதை விட வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட மண்ணில் உடம்பில் ஏறிய சதை ஒரு சாட்சி. அதை இறக்குகிறவள் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி அடுக்களைக்கு வருவோம். எடை குறைப்பது பற்றி எழுதுகிறவர்கள் தட்டைப் பார்க்கிறார்கள், பானையைப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் ஆறு பேர். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிற வீட்டுக்காரர், அத்தை, அம்மா, ரெண்டு பிள்ளைகள், நான். மூணு உழக்கு அரிசி பொங்குவேன். மூணு வேளையும் நான் சாப்பிட்டது அதிகமில்லை. ஆனால் யார் கணக்கிலும் வராத நாலாவது சாப்பாடு ஒன்று இருந்தது. மகன் பிசைந்து வைத்துவிட்டு ஓடிய சோறு, அவுக வெளியே சாப்பிட்டு வந்ததால் மிஞ்சிய ராத்திரிப் பங்கு, குழம்புச் சட்டியின் அடி. ‘வீணாப் போகுதே’ என்று வழித்து வாயில் போட்டுக்கொள்வேன். எத்தனை வீடுகளில் கேட்டாலும் பெண்கள் இதையே சொல்கிறார்கள். கடைசியாகச் சாப்பிடுகிறவள் வறுமையில் பட்டினி கிடந்தாள், கொஞ்சம் வசதி வந்ததும் மிச்சம் தின்று ஊதிப் போகிறாள். வரிசையில் அவள் இடம் மட்டும் மாறவில்லை.

மிச்சம் என்ற சொல் எங்களுக்கு லேசான சொல் இல்லை. ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் இந்தியில் எழுதிய தன்வரலாற்றுக்கு ‘ஜூட்டன்’ என்று பெயர் வைத்தார். எச்சில் என்று அர்த்தம். எங்கம்மா சின்ன வயசில் வேலைக்குப் போன வீட்டின் பின்வாசலில் பழையதைக் கையேந்தி வாங்கியவள். அந்த வீட்டுத் தட்டு அவள் கைக்குப் படக்கூடாது. அப்படி வாங்கித் தின்ற ஆத்திரத்தில்தான் என்னைப் படிக்க வைத்தாள். படித்த மகள் சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளைகளின் எச்சிலை அன்பு என்ற பெயரில் தின்கிறாள். அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்பு ஏன் எப்போதும் ஒரே ஆளின் வாயில் போய் முடிகிறது?

ஆகவே முதலில் குறைத்தது என் தட்டை அல்ல, உலையை. மூணு உழக்கு ரெண்டே கால் ஆயிற்று. அப்படியும் மிஞ்சினால் தண்ணி ஊற்றி வைக்கிறோம். காலையில் அந்தப் பழையது ஆளுக்குக் கொஞ்சம், வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும் என்றானதும் தட்டில் மிச்சம் வைக்கிற பழக்கம் வீட்டில் அதிசயமாகக் குறைந்துவிட்டது! அரிசி குறைந்த இடத்தில் முருங்கைக்கீரை, பாசிப்பயறு, முட்டை, சாளை மீன் வந்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கம்பு. இதில்தான் அம்மாவுக்குப் பெரிய வருத்தம். ‘நெல்லுச்சோறு திங்கணும்னுதானட்டி உன்னப் படிக்க வச்சேன். திரும்பவும் கம்பங்கூழக் குடின்னு சொல்லுதானா அந்த டாக்டரு?’ அவளுக்குக் கம்பு சத்தில்லை, கூலி. ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியதும், எங்கள் கரிசலில் விளைகிற குதிரைவாலி பளபளப்பான பாக்கெட்டில் நூறு ரூபாய்க்கு மேல் விலையோடு திரும்பி வருவதும் அவளுக்கு என்ன சொல்லிப் புரிய வைப்பேன்? எங்கள் இழிவாக இருந்தவரை அதற்கு விலையில்லை, அவர்கள் ஆரோக்கியம் ஆனதும் எங்களுக்கு எட்டவில்லை.

உப்பு விஷயத்தில் எனக்கே வாயடைத்துவிட்டது. அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற பெண், ‘உப்பக் குறைங்க பாட்டி’ என்கிறாள். வேப்பலோடைப் பக்கம் உப்பளத்தில் இருபது வருசம் விடியுமுன்னே இறங்கி வேலை செய்த கால் அம்மாவுடையது. ‘உப்புதாம்மா என்னக் குறைச்சிட்டு’ என்றாள்.

உண்ணாமைக்கு நாட்டில் இருக்கிற மரியாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு ஓட்டப்பிடாரம் என்றால் வ.உ.சி. பிறந்த ஊர். சிறையில் செக்கிழுத்து நலிந்த அவர் உடம்பைத் தியாகம் என்கிறோம், சரிதான். அதே மண்ணில் கூலி வேலையில் நலிந்த உடம்புகளுக்குப் பெயரே இல்லை. 1932 செப்டம்பர் 20 அன்று காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார், தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி கூடாது என்று. 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம், 26ஆம் தேதி அவர் பட்டினி முடிந்தது. ஓட்டப்பிடாரம் சட்டமன்றத் தொகுதி இன்றும் ரிசர்வ் தொகுதி. எங்கள் பிரதிநிதியை எங்கள் ஓட்டு மட்டும் தீர்மானிக்காது என்பதன் வேர் அந்த ஆறு நாள் பட்டினியில் இருக்கிறது. கோடிக்கணக்கான சனங்கள் விருப்பமில்லாமல் கிடந்த பட்டினிக்கு இல்லாத கனம், ஒருவர் விரும்பிக் கிடந்த பட்டினிக்கு இருந்தது.

அம்பேத்கரும் சாப்பாட்டைச் சுருக்கினார். லண்டனில் படித்த காலத்தில் காலையில் ஒரு துண்டு ரொட்டி, ராத்திரி பொரித்த அப்பளம் என்று புத்தகத்தின் முன்னால் கிடந்தவர். 1940களின் கடைசியில் சர்க்கரை நோய் அவரை வாட்டியது. 1948இல் அவர் மணந்த சவிதா ஒரு டாக்டர். அதன்பின் பத்தியமும் ஊசியும் அவர் பொறுப்பு. அந்தப் பட்டினியும் பத்தியமும் யாரையும் பணிய வைப்பதற்காக இல்லை. படிக்க வேண்டியிருந்தது, எழுத வேண்டியிருந்தது, அதுவரை உடம்பு தாங்க வேண்டியிருந்தது. எனக்கு இது விளங்குகிறது.

சாப்பிட மறுக்கச் சொல்லிக் கொடுப்பதும் இங்கே உண்டு. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டிப் பள்ளியில், தலித் பெண் சமைத்தார் என்பதால் காலை உணவைப் பிள்ளைகள் தொடவில்லை. எம்.பி. கனிமொழி வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. சோறு சூடாக இருக்கிறது, பிள்ளைக்குப் பசிக்கிறது, கை மட்டும் போகவில்லை. அந்தக் கட்டுப்பாட்டையும் ஏதோ ஒரு வீட்டில் ‘நல்ல பிள்ளை’ என்று மெச்சியிருப்பார்கள்.

‘நல்ல பிள்ளை’ என்ற அந்தப் பேச்சு எங்கள் வீட்டிலும் கேட்டது. எட்டாவது படிக்கிற மகள் ராத்திரிச் சோற்றில் பாதியை ஒதுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு ரத்தத்தில் இரும்பு குறைவு, ஹீமோகுளோபின் ஒன்பதுதான். ஏன் ஒதுக்குகிறாய் என்றால், ‘நீ மட்டும் குறைக்க? நானும் குண்டாயிருவேன்ல’ என்கிறாள். அத்தை பெருமையாக, ‘பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் பாரு’ என்றார்கள். அடக்கம்! கொன்றைவேந்தன் எம்.ஏ. வகுப்பிலிருந்து எழுந்து வந்து எங்கள் அடுக்களையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அன்று ராத்திரி அத்தையிடமும் பிள்ளையிடமும் நீளமாகப் பேசினேன். நான் குறைப்பது மருந்து மாதிரி, காய்ச்சல் இல்லாதவளுக்கு எதற்கு மாத்திரை? எங்க வீட்டில் சாப்பாட்டை வைத்து யாரையும் நல்லவள் என்றும் சொல்லக் கூடாது, தின்னிப்பண்டாரம் என்றும் சொல்லக் கூடாது. ‘அப்போ என்னன்னுதான் சொல்ல?’ என்று அத்தை கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பசிக்குதா, பசிக்கலையா, அதை மட்டும் கேளுங்க என்றேன்.

மகள் முழுசாக ஒத்துக்கொண்டதாகச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் இடுப்பளவு பேசுகிறார்கள், போனில் மெலிந்த பெண்கள் ஆடுகிறார்கள். இப்போதைக்கு ஒரு ஏற்பாடு. ராத்திரி எல்லாரும் சேர்ந்து உட்காருவது, நான் கடைசியில் இல்லை. முட்டை முதலில் அவள் தட்டுக்கு, பிறகுதான் அவள் தம்பிக்கு. இதற்கு அவன் தினமும் சண்டை.

அடுத்த மாதம் அம்மன் கொடை. கிடா வெட்டு இருக்கிறது. ‘உனக்குத்தான் ஆகாதே, உன் பங்க மாமாவுக்கு வச்சிரலாமா?’ என்று அத்தை இப்போதே கேட்டுவிட்டார்கள். கறி என் பங்கு குறையாமல் வர வேண்டும், சோறு மட்டும் ஒரு கை போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.