காவல் நிற்பவர் எங்கே குடியிருக்க வேண்டும்?

மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் பரமபதவாசல் திறக்கும் விடியலில், போலீசாரோடு ஊர்க்காவல் படையினரும் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள். 1946இல் பம்பாயில் தொடங்கி, 1962 சீனப் போருக்குப் பின் நாடு முழுவதும் சீரமைக்கப்பட்ட தன்னார்வப் படை அது. சேர விரும்புபவர் தாம் பணியாற்றப்போகும் பகுதியின் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. முகவரிச் சான்று கேட்கும் சிறு விதியாகத் தோன்றும் இதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது: ஒருவரை வழிமறிக்கும் உரிமை, அவரோடு ஒரே ஊரில் வாழ்வதால் வந்துவிடுமா? வராது. குடியிருப்பு உரிமை தருவதில்லை, பொறுப்பைச் சுமத்துகிறது. அந்த விதி வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (921), ஊர் வாரியத்துக்கு வருபவர் 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ வேண்டும் என்கிறது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் அதே கல்வெட்டு விலக்குகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கருத்து துலங்கும்: ஊரில் இருப்பவரிடம்தான் ஊர் கணக்குக் கேட்க முடியும். இன்று வரிசையில் தள்ளிவிட்ட முதியவரை நாளை ரேஷன் கடையில் எதிர்கொள்ள வேண்டியவருக்குக் கை சற்றுத் தயங்கும். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ராமானுசர் இறைவனை அந்தர்யாமி என்றார். எல்லா உயிருக்குள்ளும் உறைந்து நடத்துபவன். உடனுறைந்து ஆள்வதே உயர்ந்த ஆளுகை என்பது இந்த மண்ணின் சிந்தனை.

உள்ளூர்க்காரருக்குச் சாதியும் உறவும் கட்சியும் உண்டே என்பார்கள். உண்மைதான். தேர்தல் நேரத்தில் அதிகாரிகளைச் சொந்த மாவட்டத்திலிருந்து மாற்றுவதும் அந்த அச்சத்தால்தான். வழக்குப் போடவும் விசாரிக்கவும் அதிகாரமுள்ளவருக்கு அந்த விலகல் தேவை. துணைநிற்கும் தன்னார்வலருக்கு ஊர்ப்பழக்கமே பலம். ஆனால் அது மட்டும் போதாது. 2020இல் சாத்தான்குளம் போலீசார் கைது செய்த தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது, உள்ளூர்த் தன்னார்வலர்களைக் கொண்ட 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பின் மீதும் புகார் எழுந்தது. தமிழக அரசு அதைத் தடை செய்தது. கணக்குக் கேட்பார் இல்லாத இடத்தில் அண்டைவீட்டுக்காரரும் அந்நியரே.

இதைவிடக் கடினமான கேள்வி, யார் ஊரார் என்பது. உத்திரமேரூர்க் கல்வெட்டு தகுதியாகக் கேட்ட நிலமும் வேதக்கல்வியும் ஊரில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தின. உறையூரில் தோன்றிய, பாணர் குலத்தவர் என ஒதுக்கப்பட்ட திருப்பாணாழ்வாரின் வரலாற்றிலும் இதே காயம் இருக்கிறது. காவிரிக்கரையில் தன்னை மறந்து நின்றவரை, வழிவிடவில்லை என்று கல்லால் அடித்தார் உலோகசாரங்க முனிவர். அவரைத் தோளில் சுமந்து வரும்படி அந்த முனிவருக்கே அரங்கன் ஆணையிட்டதாகக் குருபரம்பரை சொல்கிறது. வழி ஒழுங்குபடுத்தும் எவரும் மறக்கக் கூடாத கதை இது. எனவே குடியிருப்பு என்பதற்குப் பிறப்பையோ பட்டாவையோ அளவுகோலாக்காமல் வாழ்தலையே அளவாக்க வேண்டும். காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமந்து, வாடகை வீட்டில் வாழ்பவரும் திருச்சிக்காரர்தான். அவருக்கும் அந்தச் சீருடை கிடைக்க வேண்டும். சீருடை அணிந்தவரிடம் கணக்குக் கேட்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.