பியோனின் இதயம்

மாரடைப்பு வந்தவரைப் பார்க்கப் போனால் நாம் முதலில் விசாரிப்பது, 'சிகரெட் குடிப்பாரா?' என்றுதான். அதில் பாதி அக்கறை, பாதி தீர்ப்பு.

1967இல் இலண்டன் வைட்ஹோல் அரசாங்கக் கந்தோர்களில் வேலைசெய்த ஏறத்தாழ 18,000 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. மைக்கல் மார்மொட்டும் சகாக்களும் அதன் முடிவுகளைப் பின்னர் எழுதினார்கள். உயரதிகாரிகளைவிடக் கடைநிலைப் பியோன்கள் மூன்று மடங்குக்கும் மேலாக இதய நோயால் இறந்திருந்தார்கள். இவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். நிரந்தர உத்தியோகமும் இலவச வைத்தியமும் இருந்தன. கீழே புகைப்போர் அதிகம்தான். ஆனால் புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. என்னை உறுத்துவது வேறொன்று. நடுவில் இருந்த லிகிதர்களுக்கும் தமக்கு மேலே இருந்தவர்களைவிடச் சாவு அதிகம். வறுமை என்ற ஒரு சொல் இதற்குப் போதாது.

1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவது தெரிந்தது.

சிகரெட்டை விடும்படி வைத்தியர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மணி அடித்தவுடன் எழுந்து ஓடும் வேலையை மாற்றும்படி யாருக்குத் துண்டு எழுதுவது? மேலதிகாரிக்கா, அமைச்சுக்கா? நோயாளியின் தலைமாட்டில் நின்று அந்த முதற்கேள்வியை நானும் பல தடவை கேட்டிருக்கிறேன்.