துணியின் பின்பக்கம்

எந்தத் தையல் வேலையைக் கையில் கொடுத்தாலும் பாட்டி முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பாள். முன்பக்கம் அப்புறம்தான். ஒரு கைக்குட்டையில் சங்கிலித் தையலில் நான் போட்ட முதல் பூவைக் காட்டியபோது அவள் பூவைப் பார்க்கவே இல்லை. பின்னால் முடிச்சும் தொங்கலுமாகக் கிடந்த நூல்களை விரலால் தடவிவிட்டு, "முன்னால பூவு, பொறவால புதரு" என்றாள்.

தையல் எனக்குப் பொழுதுபோக்காகத்தான் வந்தது. நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற வேலை. கையில் பிடித்துத் தடவ ஏதாவது வேண்டும்போல இருந்தது. பழைய தையல் வகைகளைத் தேடத் தொடங்கி, அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டுப் போனால், கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த ஒருவருக்கு அந்தப் பாதை நாகர்கோவில் மிஷன் வளாகத்துக்குப் போகும். சிலருக்கு அங்கிருந்து சொந்த வீட்டுக்கே திரும்பி வரும். எனக்கு அப்படி வந்தது.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். இன்று டதி பள்ளி என்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான். 1821 வாக்கில் அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இந்த லேஸுக்கு அடியில் துணி கிடையாது. ஒரு திண்டின் மேல் துளையிட்ட மாதிரித் தாளை வைத்து, துளைகளில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அடிப்படையில் இரண்டே அசைவுகள்: குறுக்கே மாற்றுவது, முறுக்குவது. அந்த இரண்டிலிருந்து இலையும் பூவும் வலையும் வரும். நல்ல வேலைக்காரியால் ஒரு நாளில் விரற்கடை அளவுக்குத்தான் முடிக்க முடியும் என்கிற நுணுக்கமான மாதிரிகளும் உண்டு.

அந்த லேஸ் விற்ற பணத்தில் பள்ளி நடந்தது. பின்னிய பெண்களுக்கும் கூலி கிடைத்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 வரை சட்டப்படி செல்லும். பள்ளிக்கு வந்த சிறுமிகளில் அடிமைகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசை உடைமைக்காரரிடம் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். மிஷன் வரலாறுகள் இதைப் பெருமையோடு சொல்கின்றன.

அதே வருடங்களில்தான் தோள்சீலைக் கலகம். 1822இல் தொடங்கி, அடங்கி, மறுபடி எழுந்து, 1859 ஜூலை 26 அரச அறிக்கை வரை போயிற்று. சந்தையிலும் வழியிலும் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. ஒரு பக்கம் ஐரோப்பியப் பெண்களின் கழுத்துப்பட்டைக்கும் கைவிளிம்புக்கும் லேஸ் பின்னும் கைகள். இன்னொரு பக்கம் சொந்தத் தோளில் ஒரு துண்டுத்துணி போடுவதற்கு அடிபடும் உடல்கள். இரண்டும் ஒரே ஊரில், சில வீடுகளில் ஒரே குடும்பத்தில் நடந்திருக்கின்றன.

எங்கள் வீட்டில் ஒரு பழைய வேதப்புத்தகம் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே இருக்கும் முதல் பெயர் பாட்டியின் பாட்டிக்குப் பாட்டியுடையது. ஆங்கிலப் பெயர். அப்பா பெயர் இல்லை, வீட்டுப் பெயர் இல்லை, ஊரும் இல்லை. பக்கத்தில் "லேஸ் வேலை" என்று மட்டும் இருக்கிறது. விடுதிப் பிள்ளைகளின் செலவை ஏற்றுக்கொண்ட இங்கிலாந்துக்காரர்களின் பெயரையே பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் அந்த மிஷனில் இருந்தது. அப்படியானால் எங்கள் வம்சத்தின் முதல் பெயர் நாங்கள் பார்த்தேயிராத யாரோ ஒரு சீமாட்டியின் பெயராக இருக்கலாம்.

நான் பாட்டியிடம் நேராகவே கேட்டேன். "பாட்டி, இவிய அடிமையா இருந்தவியளா?"

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நிமிந்து நடக்கப் படிச்சாச்சுல்லா மக்ளே. இன்னி என்னத்துக்குக் குனிஞ்சு பாக்கணும்?" என்றாள்.

அந்தக் கேள்வியோடு பல மாதம் இருந்தேன். முன்னோர் மறைத்ததை எடுத்துச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது என்பவர்களுக்கு வலுவான ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ரோஸ் என்ற அடிமைப்பெண், ஒன்பது வயது மகள் ஆஷ்லி விற்கப்பட்டபோது ஒரு பருத்திச் சாக்குப்பையை அவளிடம் கொடுத்து அனுப்பினாள். உள்ளே கிழிந்த ஓர் உடையும் மூன்று கை பீக்கன் கொட்டைகளும் தன் தலைமுடியின் ஒரு பின்னலும் வைத்திருந்தாள். அதற்குப்பின் இருவரும் சந்திக்கவில்லை. 1921இல் ஆஷ்லியின் பேத்தி ரூத் மிடில்டன் இந்தக் கதையைச் சில வரிகளில் அந்தப் பையின் மேலேயே நூலால் தைத்து வைத்தாள். டையா மைல்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 2021இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ரூத் தைக்காமல் இருந்திருந்தால் அது வெறும் பழைய சாக்கு. ரோஸும் ஆஷ்லியும் இருந்த தடமே நமக்குத் தெரிந்திருக்காது.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. அடிமையாக இருந்தவர்களின் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டால், அடிமை வைத்திருந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதைவிட வசதி வேறில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லையே. அவமானத்தை யார் சுமப்பது என்பதைக்கூட அந்தப் பழைய ஏற்பாடே இன்றுவரை தீர்மானிக்கலாமா?

முதலில் எனக்கு இந்த வாதமே போதுமென்று பட்டது. பிறகுதான் ஒன்று உறுத்தியது. ரூத் தன் பாட்டியின் பையில், தன் நூலில், தன் பெயர் போட்டுத் தைத்தாள். அதை எங்கும் அச்சடிக்கவில்லை. பை கைமாறி, தொலைந்து, 2007இல் பழைய சாமான் சந்தையில் ஒருவர் கண்ணில் பட்டதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. நான் செய்ய நினைப்பது வேறு. உயிரோடிருக்கும் ஒருத்தி மூடி வைத்ததைப் பிரித்து, முன்பின் தெரியாதவர்கள் படிக்கும்படி வைக்கப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் "எந்த ஊரு, யாரு வீடு?" என்ற கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்கு நான்கு தலைமுறைப் பெண்கள் பிசிறில்லாத ஒரு பதிலைக் கட்டிவைத்தார்கள்: "மிஷன் வேலை பாத்த குடும்பம்." அந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்பக்கத்தில் ஒரு முடிச்சுகூடத் தெரியாமல் போட்ட தையல் அது.

இதற்கிடையில் இன்னொரு சிக்கலும் வந்தது. நான் சொல்ல ஆசைப்பட்ட கதை எது? "எங்கள் பாட்டி உழைத்துத் தன் விடுதலையை வாங்கினாள்." கேட்க நன்றாக இருக்கிறது. படித்து முன்னேறினோம், உழைத்து மேலே வந்தோம் என்று என் தலைமுறை சொல்லிக்கொள்ளும் கதைக்கு இது நல்ல முன்னுரை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருத்தியின் தாயும் தகப்பனும் கூலியில்லாமல் உழைத்திருக்கிறார்கள். நியாயப்படி உடைமைக்காரர்தான் கடன்காரர். அவள் அவரிடம் போய்ப் பணம் கட்டுகிறாள். கடன் கொடுத்தவள் கடன்பட்டவருக்கே வட்டி கட்டுவது போல. அதைச் சாதனை என்று மட்டும் சொன்னால் அந்த விலை நியாயமான விலை ஆகிவிடும். லேஸ் பின்னத் தெரியாத கைகளுக்கு, கண் மங்கியவளுக்கு, பள்ளிப் பக்கமே வர முடியாதவளுக்கு விடுதலையில் உரிமை இல்லை என்றும் ஆகிவிடும்.

மார்த்தா மால்ட் செய்தது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எழுத்தும் கைத்தொழிலும் கூலியும் ஒரே இடத்தில் அந்தச் சிறுமிகளுக்கு வேறு யார் கொடுத்தார்கள்? ஆனால் கற்றுக்கொடுத்தவரின் பெயர் இருநூறு வருடமாகச் சொல்லப்படுகிறது. பின்னியவர்களின் பெயர் லேஸில் எங்கும் இல்லை. நான் எழுதும் நிரலில் ஒவ்வொரு வரிக்கும் யார் எழுதியது, எந்தத் தேதி என்று கிட்டில் ஒரு கட்டளை போட்டால் வந்துவிடும். நாலு நாளில் யாரோ அழித்துவிடப் போகிற வரிக்குக்கூட என் பெயர் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு அங்குல லேஸ்கூட இல்லை. இருக்கவும் முடியாது, எல்லாம் விற்பதற்காகப் பின்னியது. இருப்பது ஒரு ஒட்டுப்போட்ட போர்வை. பாட்டியின் அம்மா தொடங்கியது, பாட்டி ஒட்டுக்கு மேல் ஒட்டாகப் போட்டு வளர்த்தது. பழைய சேலை, பாட்டாவின் வேட்டி, என் சித்தியின் பள்ளிப் பாவாடை எல்லாம் அதில் இருக்கின்றன. வட கன்னடக் காடுகளில் வாழும் சித்திகள், போர்ச்சுக்கீசியர் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள், இதேபோல் கிழிசல்களைச் சேர்த்துக் கவந்தி என்று போர்வை தைக்கிறார்கள். நான்கு மூலையிலும் மடித்த சின்னத் துணிப்பூ வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். விளிம்பிலிருந்து உள்நோக்கித் தைத்துப் போவது அவர்கள் முறை. விற்பனைக்குப் போன லேஸ் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். பிள்ளையைப் போர்த்தியது நைந்துதான் போகும். எஞ்சியதை மட்டும் பார்த்து வரலாறு எழுதினால் விற்றதுதான் தெரியும், பிரியமாக வைத்திருந்தது தெரியாது.

நான் அந்தப் போர்வையை அமிலமில்லாத தாளில் சுற்றி வைக்கலாம் என்றேன். பாட்டி அதை அக்கா குழந்தைக்கு அடியில் விரித்துவிட்டாள். "மூத்திரம் போனா கழுவலாம் மக்ளே. பெட்டிக்குள்ள வெச்சா பூச்சிதான் தின்னும்."

போன மாதம் இந்தக் கட்டுரையை, இந்த இடம் வரைக்கும், பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்காமல் அனுப்பக் கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தேன். இறந்தவளிடம் அனுமதி கேட்க வழியில்லை. இருப்பவளிடம் கேட்கலாம். அது முழு நியாயம் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும்.

வாசித்து முடித்ததும், "பேரு போடலல்லா?" என்று கேட்டாள்.

"இல்ல பாட்டி. உங்க பேரும் இல்ல, அவிய பேரும் இல்ல."

"செரி." கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தாள். "ஆனா ஒண்ணு. மிஸியம்மா மீட்டு விட்டாள்னு யாரும் நெனைக்கப்பிடாது. சக்கரம் எண்ணிக் குடுத்தது இவளாக்கும். எம்புட்டுன்னு எங்கம்மைக்கும் தெரியாது. ஆனா குடுத்தா. அத எழுது."

அந்தக் காசு அவளுக்குத்தான் வர வேண்டியிருந்தது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதையும் எழுதியிருக்கிறேன். இதையும் எழுதிவிட்டேன்.