ஈகைக்கு முன் ஒப்புரவு

ஓட்டிசம் உள்ள குழந்தையின் படத்தை மண்டபத் திரையில் காட்டினால் கண்கள் நனையும். காசோலைகளும் வந்து சேரும். அதே குழந்தை 35 வயதாகி, தாடி வளர்த்து, உரத்த குரலில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அந்த மண்டபம் என்ன செய்யும்? ரொறன்ரோத் தமிழர் கொடுப்பதில் பின்னிற்பவர்கள் அல்லர். ஆனால் நம் கொடை தேவையைத் தேடிப் போகிறதா, நம் இரக்கத்தைத் தேடிப் போகிறதா?

ஒன்ராறியோவின் ஓட்டிசத் திட்டம் 18 வயதோடு கைவிடுகிறது. பள்ளிக்கூடம் 21 வரை இடம் தரும். பிறகு ஒரு ஜூன் மாதத்தோடு மஞ்சள் பஸ் வருவதில்லை. சிலர் வேலை பார்த்துத் தனியே வாழ்கிறார்கள். மற்றவர்களுக்கு மிஞ்சுவது மாத உதவித்தொகையும், காத்திருப்போர் பட்டியலும், முதுமையடையும் பெற்றோரும்தான். மாகாண ஒம்புட்ஸ்மன் போல் டுபே 2016 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, வளர்ச்சிக் குறைபாடுள்ள வளர்ந்தவர்கள் போக்கிடமின்றி மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் சிறைகளிலும்கூட இருக்க நேர்ந்ததைப் பதிவுசெய்தது.

“அது அரசின் கடமை, வரி கட்டுகிறோமே” என்பது நியாயமான வாதம். ஆனால் அரசு அசைவதற்கு முன் யாராவது கேட்டாக வேண்டியிருக்கிறது. 1948இல் விக்டோரியா குளோவர் என்ற பாட்டி தன் பேரனுக்காகப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய கொம்யூனிட்டி லிவிங் ரொறன்ரோ. நம்மவர் மத்தியில், 2008இல் கீதா மூர்த்தி ஸ்காபரோவில் தொடங்கிய தென்னாசிய ஓட்டிச விழிப்புணர்வு நிலையம் இருக்கிறது. இத்தகைய அமைப்புகள் அரசின் பொறுப்பைத் தம் தலையில் ஏற்றிக்கொள்வதில்லை. அது மறக்கப்படாமல் பார்த்துக்கொள்கின்றன.

திருக்குறளில் ஈகை 23ஆம் அதிகாரம். அதற்கு முன்னால், 22ஆவதாக, ஒப்புரவறிதல் நிற்கிறது. ஈகையில் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்வது. அதற்கு வள்ளுவர் காட்டும் உவமைகளில் ஒன்று ஊருணி. ஊருணியில் தண்ணீர் அள்ளுகிறவர் யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை. அது என்றும் நிறைந்திருந்தால் போதும்.

வளர்ந்தவர்களுக்கான அமைப்புகளுக்கு வேண்டியதும் இந்த நிறைவுதான். வருடத்தில் ஓரிரவு கொடுக்கும் ஆயிரம் டொலரைவிட, நிபந்தனையின்றி மாதாமாதம் கொடுக்கும் இருபது டொலரை நம்பித் திட்டமிடலாம். “நிர்வாகச் செலவுக்குப் போகக்கூடாது” என்கிறோம். அந்தச் செலவில் பெரும்பகுதி பணியாளரின் சம்பளம். வழக்கம் மாறினால் நிலைகுலைந்து போகும் ஒருவருக்கு, செவ்வாய் தோறும் அதே முகம் வருவதுதான் சேவை. சம்பளம் போதாமல் அந்த முகம் மாறிக்கொண்டே இருந்தால், புதிய கட்டடம் கட்டியும் பயனில்லை.

கொடுக்குமுன் வருமானவரித் திணைக்களத்தின் தொண்டு நிறுவனப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. கூடவே இரண்டு கேள்விகள்: 21 வயதைக் கடந்தவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்? ஓட்டிசம் உள்ள ஒருவராவது உங்கள் இயக்குநர் சபையில் இருக்கிறாரா?

நேரம் கொடுப்பவருக்கும் இதே ஒழுங்குதான். வாரம் இரண்டு மணிநேரம், அதே நாள், அதே வேளை. முடியாதவர் தொடங்காமலிருப்பதே உதவி. கடை வைத்திருப்பவர் அலுமாரி அடுக்கும் வேலையை முழுச் சம்பளத்தோடு கொடுக்கலாம். கோயிலும் கல்யாண மண்டபமும் ஓர் அமைதியான அறையை ஒதுக்கலாம். ஓட்டிசத்துக்காக நிதி சேர்க்கும் இரவிலேயே ஒலிபெருக்கியின் இரைச்சல் தாங்காமல் ஓட்டிசம் உள்ளவர் வெளியேற வேண்டியிருந்தால், அந்த இரவு யாருக்காக?

கொடுப்பதில் மகிழ்ச்சி தேடுவதும், பெயர் போடச் சொல்வதும் குற்றமல்ல. ஆனால் எந்தப் பெற்றோரும் ஒருநாள் போய்விடுவார்கள். அதன் பிறகு அந்த மகன் ஒரு செவ்வாய்க்கிழமை வராவிட்டால், சம்பளம் வாங்காத ஒருவராவது “அவரைக் காணவில்லையே” என்று தேடுவாரா? நாம் கட்டிய தொகை எவ்வளவு என்பதைவிட இதற்குரிய பதில்தான் முக்கியம்.